பால்வாடியும் பள்ளி வேனும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்)

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்ட நம் முன்னோர் ஐந்து வயதைத்தான் தொடக்கம் என்று கருதினார்கள். இன்று நம் பெரம்பலூர் மாவட்டத்துக் கிராமங்களில் ஒரு பிள்ளையின் போக்கு மூன்று வயதிலேயே முடிவாகிவிடுகிறது. காலை எட்டு மணிக்கு மாரியம்மன் கோவில் முனையில் வந்து நிற்கும் மஞ்சள் வேனில் அது ஏறுகிறதா, அல்லது அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு பால்வாடிக்குப் போகிறதா? அது எந்தப் பள்ளியில் படிக்கும், யாரோடு உட்காரும், எந்த மொழியில் எண்ணும் என்பதெல்லாம் அன்றைக்கே எழுதப்பட்டுவிடுகிறது. அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைகிறார்களே என்று ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் கவலைப்படுகிறவர்கள் முதல் வகுப்பு வாசலில் நின்றுகொண்டு கவலைப்படுகிறார்கள். அந்த வாசலுக்கு வருமுன்பே பாதிப் பிள்ளைகளின் கணக்கு தீர்ந்துவிட்டது என்பதே என் கருத்து.

நம்முடையது சிறிய மாவட்டம். 1995இல் திருச்சி மாவட்டத்திலிருந்து பிரிந்தது. 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே வாழ்ந்தவர்கள் 5,65,223 பேர். அன்றைய தமிழ்நாட்டு மாவட்டங்களில் இதுவே எல்லாவற்றிலும் குறைவு. அவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் கிராமவாசிகள். மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் ஆகிய மூன்றையும் வானத்தையும் நம்பி வாழ்கிற ஊர்கள். வானம் பொய்த்தபோது வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஆண்கள் போனார்கள். அவர்கள் அனுப்பிய பணம் முதலில் ஓட்டு வீட்டை மெத்தை வீடாக்கியது. அடுத்தபடியாகப் பிள்ளையை வேனில் ஏற்றியது. நம் கல்லூரியில் என்னோடு படிக்கும் நண்பர்கள் பலருடைய வீட்டுக் கதையும் இதுவாகத்தான் இருக்கும் என்பதால் இதை விரிக்காமல் விடுகிறேன்.

பால்வாடி என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. 'பால்' என்றால் வடமொழி வழியில் குழந்தை. நம் ஊர்ப் பாட்டிமார்களோ அது பால் கொடுக்கும் இடம் என்றே பொருள் கொண்டார்கள். பொருள் மாறினாலும் அதில் ஓர் உண்மை இருக்கத்தான் செய்கிறது. பள்ளி என்று யாரும் அதை நினைக்கவில்லை. ஊட்டும் இடம் என்றே நினைத்தார்கள். அங்கன்வாடி என்பது முற்றத்தைக் குறிக்கும் பெயர். மராட்டிய மாநிலத்துக் கடலோரத்தில் பழங்குடிக் குழந்தைகளுக்காகத் தாராபாய் மோடக் அம்மையார் முற்றத்திலேயே பள்ளி நடத்தினார். பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி பிள்ளையின் முற்றத்துக்குப் போகட்டும் என்பது அவருடைய வழி. அந்த முற்றத்தின் பெயரைத்தான் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் அதற்கு உண்மையான உயிர் வந்தது 1982 ஜூலை 1 அன்று எனலாம். எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் கிராமத்து இரண்டு வயதுக் குழந்தையும் சேர்க்கப்பட்டது. அன்று முதல் பால்வாடி என்பது ஊரில் கோவிலைப் போல, குளத்தைப் போல இருந்தே தீர வேண்டிய ஒன்றாயிற்று. இன்று மாநிலத்தில் ஐம்பத்து நான்காயிரத்துக்கு மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. நானூறு பேர் வாழும் இடம் என்றால் ஒரு மையம். அதனினும் சிறிய ஊர் என்றால் ஒரு குறுமையம். எந்தத் தனியார் பள்ளிக்கு இவ்வளவு வாசல்கள் உண்டு?

வாசல்கள் இருந்தும் பிள்ளைகள் ஏன் வேனேறிப் போகிறார்கள்?

ஆங்கில மோகம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது நம் மேடைப் பேச்சாளர்களின் வழக்கம். அது உண்மையில் ஒரு பகுதிதான். களை வெட்டப் போகும் தாயைக் கேட்டுப் பாருங்கள். வேன் வீட்டருகே வருகிறது. சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுகிறது. பிள்ளை பையும் நோட்டுமாக வீடு வருகிறது. பால்வாடியில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்றால் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. பாடினோம், ஆடினோம், சாப்பிட்டோம், தூங்கினோம் என்கிறது குழந்தை. படிக்காத தாய்க்கு நோட்டில் இருக்கும் எழுத்துத்தான் சான்று. தான் இழந்ததைத் தன் பிள்ளை பெறுகிறது என்பதற்கு அவளுக்கு வேறு அடையாளம் ஏது? இதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மூன்று வயதுக் குழந்தையை உட்காரவைத்து எழுதவைக்கக் கூடாது என்று கல்வியாளர்கள் நூறாண்டுகளுக்கும் மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மரியா மாண்டிசோரி அம்மையார் 1907இல் ரோம் நகரில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தது சீமான்களின் பிள்ளைகளுக்காக அல்ல. சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில், அவர்களுடைய குழந்தைகளுக்காக. அவர் 1939இல் சென்னைக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கியிருந்தார். கையால் தொட்டு, கண்ணால் பார்த்து, தானே செய்து குழந்தை கற்க வேண்டும் என்பது அவர் முறை. இன்று அவர் பெயரைப் பலகையில் எழுதிவைத்துக்கொண்டு கட்டணம் வாங்கிப் பிஞ்சு விரல்களைப் பென்சிலோடு கட்டிப்போடும் இடங்களை நாம் எங்கும் பார்க்கிறோம். ஏழைக் குழந்தைகளுக்காகப் பிறந்த முறை ஏழைகள் எட்ட முடியாத இடத்துப் பெயர்ப்பலகையாயிற்று! 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டத்தை வைத்திருக்கும் நம் பால்வாடியே, காகிதத்தில் பார்த்தால், அந்த அம்மையாரின் கருத்துக்கு அருகில் நிற்கிறது.

காகிதத்தில் என்று சொன்னேன். நடைமுறை வேறு. அங்கன்வாடி டீச்சர் என்று நாம் அழைக்கும் அந்த அம்மாவின் ஒரு நாளைப் பாருங்கள். கருவுற்ற தாய்மார் கணக்கு, பாலூட்டும் தாய்மார் கணக்கு, எடை பார்த்தல், சத்துமாவு வழங்கல், தடுப்பூசி நாளன்று வீடு வீடாகப் போய் அழைத்து வருதல், இவை எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதிவிட்டுக் கைப்பேசியிலும் ஏற்றுதல். திட்டத்தின் பணிகள் ஆறு. ஊட்டச்சத்து, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மருத்துவமனைக்கு அனுப்புதல், தாய்மாருக்கு நலக்கல்வி, முன்பருவக் கல்வி. ஆறில் ஒன்றுதான் கல்வி. மற்ற ஐந்துக்கும் மேலதிகாரி கணக்குக் கேட்கிறார். பாட்டுச் சொல்லிக் கொடுத்தாயா என்று யார் கேட்கிறார்? போதாதற்குத் தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியலும் பலரிடம் வந்து சேர்கிறது. இவ்வளவும் செய்யும் இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்பதைக்கூட 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லித்தான் நாடு தெரிந்துகொண்டது. ஆயா விடுப்பு எடுத்தால் சமையலும் டீச்சர் தலையில்தான். எந்தத் தனியார் பள்ளித் தாளாளர் தம் ஆசிரியையை இத்தனை வேலைக்கு அனுப்பிவிட்டுப் பள்ளி நடத்த முடியும்?

அரசு இதை அறியாமல் இல்லை. 2019 ஜனவரியில், அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. நல்ல தொடக்கம். ஐம்பத்து நான்காயிரத்தில் 2,381 என்பது நூற்றுக்கு ஐந்துகூட ஆகாது. மாநிலத்தின் 388 ஊராட்சி ஒன்றியங்களுக்கு வகுத்துப் பார்த்தால் ஒன்றுக்கு ஏறத்தாழ ஆறு. நம் மாவட்டத்தில் இருப்பவை நான்கே ஒன்றியங்கள். பாடம் நடத்த, உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்களை அனுப்பினார்கள். அவர்களோ இது பதவி இறக்கம் என்று நீதிமன்றம் போனார்கள். மூன்று வயதுக் குழந்தைக்குக் கற்பிப்பது தாழ்ந்த வேலை என்ற எண்ணம் ஆசிரியர்களிடமே இருந்தால் பெற்றோரைக் குறை சொல்லி என்ன பயன்? இதைப் படிக்கும் பேராசிரியப் பெருமக்கள் கோபிக்கக் கூடாது. பின்னர் 2022 ஜூனில் இந்த வகுப்புகள் நடைபெறா என்று செய்தி வந்தது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களிலேயே, தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு தொடரும் என்று மறு செய்தி வந்தது. பிள்ளைகளைச் சேர்த்துவிட்ட தாய் என்ன நினைத்திருப்பாள்? வேன் நிறுத்தப்படும் என்று எந்தத் தனியார் பள்ளியும் ஜூன் மாதத்தில் அறிவிப்பதில்லை.

இனி, சட்டம் செய்யும் விந்தைக்கு வருகிறேன். பொருளியல் மாணவன் என்ற முறையில் எனக்கு மிகவும் வியப்பளிப்பது இதுதான். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆறு வயது முதல் பதினான்கு வயது வரைதான் அதன் எல்லை. ஆறுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்கிறது. செய்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் அதே சட்டம், தனியார் பள்ளிகள் நூற்றுக்கு இருபத்தைந்து இடங்களை நலிந்த பிரிவினருக்குத் தர வேண்டும் என்றும், அப்பள்ளியில் மழலையர் வகுப்பு இருந்தால் அங்கிருந்தே தர வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தக் கட்டணத்தை அரசு ஈடுகட்டும். ஆக, சொந்தப் பள்ளியில் எல்.கே.ஜி. நடத்த வேண்டிய கடமை அரசுக்கு இல்லை. அடுத்தவர் பள்ளியில் எல்.கே.ஜி. படிக்கப் பணம் கட்டும் கடமை மட்டும் உண்டு! மூன்றரை வயதில் அரசுப் பணத்திலேயே தனியார் பள்ளியில் ஏறிய பிள்ளை, ஐந்து வயதில் இறங்கி ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு வருமா?

இந்த இடங்களும் எல்லா ஏழைக்கும் எட்டுவதில்லை. பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் வீடு இருக்க வேண்டும் என்பது இங்கே விதி. தனியார் பள்ளி எங்கே இருக்கிறது? நகரத்திலும் நெடுஞ்சாலையோரப் பெரிய ஊரிலும். பச்சைமலை அடிவாரத்துச் சிற்றூர்க் குடியானவனுக்கு அந்த ஒரு கிலோமீட்டருக்குள் மலையும் ஓடையும்தான் இருக்கின்றன.

அப்படியானால் பால்வாடியில் மிஞ்சுவது யார்? நான் வலியுறுத்த விரும்பும் செய்தி இதில்தான் அடங்கியிருக்கிறது. முதலில் போகிறவை நிலமுள்ள வீட்டுப் பிள்ளைகள். அடுத்து வெளிநாட்டுப் பணம் வரும் வீட்டுப் பிள்ளைகள். ஒரு வீட்டில் ஆணும் பெண்ணுமாக இருவர் இருந்து, ஒருவருக்குத்தான் கட்டணம் கட்ட முடியும் என்றால் வேனில் ஏறுவது பெரும்பாலும் பையன். நம் மாவட்டத்தில் 2011இல் ஆறு வயதுக்கு உட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு இருந்த பெண் குழந்தைகளின் எண்ணிக்கை, மாநில அளவான 943க்கும் கீழே இருந்தது என்பதை இங்கே நினைத்துக்கொள்வது நல்லது. பிறக்கவிடுவதிலேயே ஓரவஞ்சனை இருந்த ஊரில் வேன் கட்டணத்தில் மட்டும் நீதி கிடைத்துவிடுமா? கடைசியில் பால்வாடியில் எஞ்சுவது விவசாயக் கூலிகளின் பிள்ளைகள், பெண் குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர் தெருவின் குழந்தைகள். நம் மாவட்ட மக்களில் பத்துக்கு மூவர் பட்டியல் இனத்தவர். அரசுப் பள்ளி வகுப்பறையில் அந்தப் பங்கு எவ்வளவு கூடியிருக்கிறது என்பதை எந்த ஊர்த் தலைமையாசிரியரைக் கேட்டாலும் சொல்வார்.

அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் அறிவிப்பு வந்தது. மகிழ்ச்சி. சொல் போகும், ஊருக்கும் அந்தத் தெருவுக்கும் இடையே உள்ள பாதை குறையுமா? ஒரு காலத்தில் அந்தப் பாதையைக் கடந்து இரு தெருப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே சோற்றை உண்ட இடம் பால்வாடி. சில ஊர்களில் அதற்கும் எதிர்ப்பு இருந்ததைப் பெரியவர்கள் சொல்வார்கள். எதிர்ப்பை மீறியும் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். இன்று சண்டையில்லை, எதிர்ப்பில்லை, கூச்சலில்லை. ஒரு தெரு வேனில் போகிறது. மற்றொரு தெரு நடந்து போகிறது. அவ்வளவுதான். மூன்று வயதில் ஒன்றாக உட்காராதவர்கள், நம்மைப் போல் பதினெட்டு வயதில் அரசுக் கல்லூரி வகுப்பறையில்தான் முதன்முதலாக ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். அப்போதும் பெஞ்சுகள் தனித்தனியாக அமைந்துவிடுவதை நாம் அறியாதவர்கள் அல்லவே.

பிள்ளைகளே குறைந்துவிட்டார்கள், பள்ளிகள் குறைவதில் என்ன வியப்பு என்று கேட்பார் உண்டு. 2025இல் மாணவர் ஒருவரும் இல்லாமல் இருநூற்றுக்கு மேற்பட்ட அரசுப் பள்ளிகள் மூடப்பட்ட செய்தி வந்தபோது கல்வித் துறை சொன்ன காரணங்களில் பிறப்பு விகிதக் குறைவும் ஒன்று. அதில் உண்மை இருக்கிறது. 1971இல் தமிழ்நாட்டுத் தாய் ஒருத்தி சராசரியாகப் பெற்ற குழந்தைகள் நான்குக்கு அருகில். 2020இல் அது 1.4. ஆனால் இது பாதிக் காரணம். குழந்தை ஒன்றோ இரண்டோ ஆன பிறகுதான் கட்டணம் கட்டும் துணிவு பெற்றோருக்கு வந்தது. நான்கு பிள்ளைகளை வேனில் ஏற்ற முடியாத குடும்பம் ஒரு பிள்ளையை ஏற்றிவிடுகிறது. குளமும் சுருங்கியது; சுருங்கிய குளத்திலிருந்து வாய்க்காலும் பெரிதாக வெட்டப்பட்டது. முதலாவதற்கு யாரும் பொறுப்பில்லை. இரண்டாவதற்கு அரசு பொறுப்பு.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். அரசுப் பள்ளிக்குப் பிள்ளைகளை இழுக்க வந்த திட்டங்கள் எந்த வயதில் தொடங்குகின்றன? 2022இல் வந்த காலை உணவுத் திட்டம் முதல் வகுப்பிலிருந்து. 2020இல் வந்த மருத்துவப் படிப்புக்கான 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு ஆறாம் வகுப்பிலிருந்து. உயர்கல்விக்கு வரும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் ஆறாம் வகுப்பிலிருந்து படித்ததையே கணக்கில் கொள்கிறது. அதைப் பெறும் சகோதரிகள் நம் கல்லூரியிலேயே பலர். எல்லாம் போற்றத்தக்க திட்டங்கள்தாம். என்றாலும் முடிவு எடுக்கப்படுவது மூன்று வயதில். அழைப்பு வருவதோ ஐந்திலும் பதினொன்றிலும்!

விடுதியில் இதைப் பேசியபோது ஒரு நண்பர், "தம்பி, பெற்றவர்கள் விருப்பத்தில் அரசு ஏன் தலையிட வேண்டும்?" என்றார். தலையிடச் சொல்லவில்லை. விருப்பம் என்றால் இரண்டு பொருள்கள் கடையில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் அதற்குப் பெயர் விருப்பம் ஆகாது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள மட்டும் ஒருவர், காலையிலிருந்து மாலை வரை. கணக்கெழுதவும் எடை பார்க்கவும் வேறொருவர். ஒவ்வொரு பால்வாடியிலும் இந்த இரண்டு பேர் வேண்டும். முன்பருவக் கல்வியில் முறையாகப் பயிற்சி பெற்ற நிலையான ஆசிரியை ஒருவர், நானூறு பேர் வாழும் ஒவ்வோர் ஊருக்கும். கூலிக்குப் போகும் தாய் திரும்பும் வரை திறந்திருக்கும் கதவு. குழந்தை வரைந்ததையும் ஒட்டியதையும் வாரம் ஒருமுறை தாய்க்குக் காட்டும் ஒரு வழக்கம். நோட்டில் எழுத்து இல்லாவிட்டாலும் பிள்ளை வளர்கிறது என்று அவள் கண்ணால் காண வேண்டும் அல்லவா? பணம் எங்கே என்று கேட்டால், இருபத்தைந்து விழுக்காட்டு இடங்களுக்காகத் தனியாருக்கு ஈடுகட்டும் பணத்தின் பக்கத்தில் இந்தச் செலவையும் வைத்துக் கணக்குப் பார்க்கட்டும் என்பேன்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நம் நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாம் ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு கிராமத்தில் நடக்கிறது. கோவில் குளத்தைத் தூர்வாருகிறோம், மரக்கன்று நடுகிறோம், மறுநாள் ஆடு மேய்ந்துவிடுகிறது. வரும் முகாமில் இரண்டு நாட்களை ஒதுக்கி, அந்த ஊரில் மூன்று வயது முடிந்த குழந்தைகள் எத்தனை பேர், எந்தத் தெருவில், ஆண் எத்தனை, பெண் எத்தனை, யார் எங்கே போகிறார்கள், ஏன் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவோம். அந்தப் பட்டியலை ஊர்ப் பெயரோடு கிராம சபையில் வைப்போம். கிராம சபை கூடும் நாட்களில் ஒன்று ஜனவரி 26. சேர்க்கை நடப்பது ஜூனில். இடையில் நான்கு மாதங்கள் இருக்கின்றன. திட்ட அலுவலராக இருக்கும் பேராசிரியர் ஒப்புக்கொண்டால், கணக்கெடுக்கும் படிவத்தை எங்கள் பொருளியல் துறை மாணவர்கள் தயாரித்துத் தருகிறோம்.